திக்குக் காட்டும் பெட்டி

ஜூன் 3, திங்கள்

இன்றைக்கும் ஐந்தாம் நம்பர் கிடைக்கவில்லை. இது இரண்டாவது தடவை.

மற்ற நான்கையும் எப்படியோ தட்டுத் தடுமாறிப் போய்ப் பார்த்துவிட்டேன். மலை முகட்டுக்குக் கீழே இருக்கிற அந்த ஒன்று மட்டும் என்னிடம் கண்ணாமூச்சி ஆடுகிறது. முட்டி உயரத் தகரக் குழாய், மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில். மழைமானி என்றால் அவ்வளவுதான். திங்கட்கிழமைதோறும் ஐந்து பாட்டில் தண்ணீரையும் அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று படிவத்தில் எழுதி, கொட்டிவிட்டு வர வேண்டும். பத்தொன்பது வருடம் என் வீட்டுக்காரர் பார்த்த வேலை. பாதையெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது, ஒரு துண்டுக் காகிதத்தில்கூட இல்லை. பக்கவாதம் வந்து நாலு மாதமாகிறது. கோடையில் அளக்க எதுவும் இருக்கவில்லை, மழை தொடங்கிய இந்த இரண்டு வாரமாக அவருக்குப் பதிலாக நான் போகிறேன். கையெழுத்துக் கட்டத்தில் ‘அவருக்காக’ என்று எழுதி என் பெயரைப் போடுகிறேன்.

“பாறை தாண்டி... இ... இடது” என்றார் காலையில். இடது பக்கம் போனேன். பெரிய பள்ளம். திரும்பி வந்து சொன்னால், கை வலது பக்கம் காட்டுகிறது, வாய் “இடது, இடது” என்கிறது. நோய் வந்ததிலிருந்து அந்த இரண்டு சொல்லும் அவருக்கு இடம் மாறிவிடுகின்றன. எப்போது மாறும் என்று அவருக்கே தெரியாது. பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கண்ணை மூடிக்கொண்டார்.

கல்யாணமான முதல் வாரம் கடைக்குப் போய்விட்டு, அடுத்த தெருவில் இதே நிறத்தில் இருந்த வீட்டுக் கதவைத் தட்டியவள் நான். அன்றிலிருந்து எனக்கு ‘திக்கு’ என்று பெயர். திக்குத் தெரியாதவள் என்பதன் சுருக்கம். இப்போது அவர் திக்கித் திக்கிப் பேசுகிறார். நல்ல ஜோடி.

மாலையில் மேற்பார்வையாளர் போன் செய்தார். “மூணு தடவை விட்டுப்போச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவாங்கம்மா. என் கையில ஒண்ணும் இல்ல.” மெதுவாகத்தான் பேசினேன். உள்ளறையில் அவர் நாற்காலி கிரீச்சிட்டது. கேட்டிருப்பார்.

அவர் எழுந்து வருகிறவரை இந்த வேலை இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஜூன் 4

மகள் போனில் சிரிக்கிறாள். “அம்மா, உன் கையில இருக்கிற போன்லயே மேப் இருக்கு. இதுக்குப் போயி அழுவியா?”

எடுத்துக்கொண்டு இரண்டாம் நம்பர் வரை போய்ப் பார்த்தேன். தூறல். ஈர விரலுக்குத் திரை அசையவே இல்லை. துடைத்தால் யாருக்கோ போன் போகிறது. சிக்னல் இல்லாததால் படம் வரவில்லை, வெறும் சாம்பல் கட்டம். பாதி வழியில் பேட்டரியும் போய்விட்டது.

மகளிடம் சொன்னேன். “அப்ப தனியா ஜிபிஎஸ் கருவி வாங்கு. மலை ஏறுறவங்க வச்சிருப்பாங்களே, அது” என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?

ஜூன் 6

நில அளவைச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரம்மா மூன்று கருவிகளை மேஜைமேல் வைத்தார். ஒன்று வண்ணத் திரை, படம், பாட்டு என்று பகட்டாக இருந்தது. நடுவில் உள்ளது அதற்குத் தம்பி. மூன்றாவது சோப்புப் பெட்டி அளவு, கறுப்பு வெள்ளைத் திரை, ஐந்து பொத்தான்.

“உங்களுக்கு என்னத்துக்கு?” என்று கேட்டார்.

“அஞ்சு இடத்துக்குப் போகணும், வீட்டுக்குத் திரும்பி வரணும்.”

“அப்ப எதுக்கு வண்ணம்?” என்று பெரியதை அவரே உள்ளே வைத்துவிட்டார். எனக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துப்போயிற்று. பொத்தான் இருப்பதால் கையுறையோடு அமுக்கலாம், மழையில் நனையலாம், கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன பேட்டரி இரண்டு போதும், பையில் இன்னும் இரண்டு வைத்துக்கொண்டால் கவலையே இல்லை. “படம் காட்டாது. ஓர் இடத்தைக் குறிச்சு வச்சா அம்புக்குறி காட்டும், எவ்வளவு தூரம்னு சொல்லும். நடந்து வந்த வழியைக் கோடா போட்டு வச்சுக்கும். அவ்ளோதான்.”

எனக்கும் அவ்வளவுதான் வேண்டும். மூன்றிலும் மலிவானது அதுதான்.

வீட்டுக்கு வந்து அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 7

அது செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடிக்கட்டும் என்று வாசலில் கையை நீட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன், எதிர்வீட்டுக்காரி “யாருக்குக் காத்திருக்கீங்க?” என்றாள்.

ஜூன் 8, சனி

அலுவலகம் தந்த பட்டியலைப் பார்த்து ஐந்து இடத்தையும் பதிந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை; டிகிரி, நிமிடம், விநாடி என்று வரிசையாக எண்கள். பெயர் ஆறு எழுத்துக்கு மேல் ஏற்காது, அதுவும் ஆங்கில எழுத்துதான். ஒன்று முதல் ஐந்து வரை நம்பரும், ஆறாவதாக ‘வீடு’ம் வைத்தேன்.

திங்கட்கிழமை சோதனை செய்ய முடியாது. விட்டுப்போனால் மூன்றாவது தடவை. அதனால் இன்றே, எனக்கு வழி தெரிந்த மூன்றாம் நம்பருக்கு இதை நம்பிப் போய்ப் பார்த்தேன். வேலி தாண்டச் சொல்லிற்று, தாண்டினேன். நேராக ஒரு கோழிப் பண்ணைக்குள் கொண்டுபோய் நிறுத்தி, வந்துசேர்ந்தாய் என்று கூவிற்று.

“என்னம்மா தேடுறீங்க?” என்றார் பண்ணைக்காரர்.

“மழைமானிங்க.”

“இங்க கோழிதான் இருக்கு.”

அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. மலிவாக வாங்கினதற்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

கருவியைக் கடையில் வீசிவிட்டு வரலாமென்று பையில் போட்டேன். “திக்கு” என்று கூப்பிட்டார். நாலு மாதத்தில் முதல் தடவை அந்தப் பெயர். கையை நீட்டினார், கொடுத்தேன். பட்டியலையும் கேட்டார்.

அரை மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பட்டியலில் 24 நிமிடம் 45 விநாடி. கருவியில் நான் போட்டிருந்தது 24.450. பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். “மணி ஒன்பதரைங்க. பசிக்குதா?” என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி கடிகாரம். “அறு... அறுபது” என்றார்.

எனக்குப் புரியவில்லை. பென்சிலை இடது கையில் பிடித்து, குழந்தை எழுதுகிற மாதிரி 75 என்று எழுதினார்.

அப்புறம் உறைத்தது. விநாடி அறுபதுக்குக் கணக்கு. கருவி கேட்பது நிமிடத்தில் புள்ளி வைத்து. நாற்பத்தைந்து விநாடி என்றால் முக்கால் நிமிடம், .75. நானோ அப்படியே 45 என்று போட்டுத் தொலைத்திருக்கிறேன். கருவிமேல் ஒரு குற்றமும் இல்லை.

ஐந்தையும் அவரே வகுத்துச் சொல்ல, நான் திருத்தினேன். மூளை கத்தி மாதிரி இருக்கிறது, வாய்க்கு மட்டும் வழி அடைத்திருக்கிறது. இத்தனை நாளாக அவரிடம் நான் சத்தமாக, சின்னச் சின்ன வார்த்தையாகப் பேசிக்கொண்டிருந்தேனே, வெட்கமாக இருந்தது.

ஜூன் 10, திங்கள்

கிடைத்தது! ஐந்தாம் நம்பர் கிடைத்தது!

முறையாக எழுதுகிறேன். நாலாம் நம்பரைத் தாண்டியதும் மூடுபனி. என் கால் எனக்கே தெரியவில்லை. பாறையருகில் நின்று அம்புக்குறியைப் பார்த்தேன். பள்ளத்தைக் காட்டிற்று. அப்படியே நிற்கும்போதே பின்பக்கம் காட்டிற்று. இன்றைக்கு விட்டால் போச்சு. வேலை போச்சு. அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், எழுதினால் என்ன, அழுதேன்தான்.

பிறகு கோபத்தில் எழுந்து வலது பக்கம் பத்து அடி நடந்தேன். அம்பு திரும்பி நேராக நின்றது. நான் நின்றால் கிறுக்குப் பிடிக்கிறது, நடந்தால் சரியாகிறது. சரி என்று நிற்காமலே நடந்தேன். எண்பது மீட்டர், முப்பது, எட்டு... எங்கே இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே போனால், முட்டியில் ‘டங்’ என்று இடித்தது தகரக் குழாய். இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் இடித்துக்கொண்டதில்லை.

பாட்டில் வழிய வழிய மூன்று வாரத் தண்ணீர்.

ஓடி வந்து சொன்னேன். சிரித்தார். பிறகு கருவியை ஒரு விரலால் தள்ளி வைத்து, “இனி... நா... நான் எதுக்கு” என்றார். சமையலறைக்குப் போய் வெறுமனே நின்றேன்.

ஜூன் 11

கடைக்காரம்மாவிடம் அம்பைப் பற்றிக் கேட்டேன். “விலை கூடினதுல திசைகாட்டி தனியா இருக்கும்மா. இதுல கிடையாது. நீங்க நடந்தாத்தான் எந்தப் பக்கம் போறீங்கன்னு அதுக்குத் தெரியும். நின்னுட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

வீட்டுக்கு வந்தால் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கைத்தடி சுவரில் சாய்ந்திருக்கிறது. வீட்டுக்குள் மட்டும்தான் அதற்கு வேலை. தெருவில் இறங்கச் சொன்னால் “பார்ப்பாங்க” என்று ஒரே சொல். இந்த அம்பு விஷயத்தைச் சொல்லி நைசாக உபதேசம் பண்ணிவிடலாமா என்று நாக்கு துடித்தது. பண்ணவில்லை. கடைக்காரம்மா சொன்னதை மட்டும் சொன்னேன். “ம்” என்றார்.

ஜூன் 24, திங்கள்

ஐந்தும் பார்த்தேன். நல்ல மழை. கால்வலி.

ஜூலை 5

நேற்றுப் போட்ட புது பேட்டரி இன்று பாதி. மலைக்கே போகவில்லையே!

ஜூலை 12

மறுபடியும் பேட்டரி. கடைக்காரம்மாவிடம் சண்டை போட்டேன். “அணைக்காம வச்சிடுறீங்களா?” என்று என்னையே கேட்கிறார். நானா? இரண்டு தடவை பார்த்து அணைக்கிறவள். “இந்த மலிவுச் சாமானே இப்படித்தான் போல” என்றேன் வீட்டுக்கு வந்து அவரிடம். அவர் மும்முரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்த்திருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

ஜூலை 22, திங்கள்

மேற்பார்வையாளர் பாராட்டினார். “உங்க வீட்டுக்காரர் மாதிரியே பண்றீங்கம்மா.” இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

கருவியை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறேன். நாலாம் நம்பரில் வந்துதான் பையைத் துழாவினேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு பார்த்தால், அதுவரை நான் எங்கேயும் வழி தவறவில்லை. பாறை தாண்டி வலது. ஐந்தாம் நம்பர் அதன் இடத்தில் நின்றது. திக்குத் தெரியாதவளா நான்?

அந்தச் சந்தோஷம் கீழே வருகிறவரைதான். ஒன்றாம் நம்பர் தண்ணீர்த்தொட்டி வளாகத்தில் இருக்கிறது, வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். எப்போதும் கடைசியில்தான் பார்ப்பேன். திறந்தால் பாட்டில் காலி. ஒரு சொட்டு இல்லை. மேலே எல்லாவற்றிலும் முப்பதுக்கு மேல், இதில் மட்டும் ஒன்றுமில்லை. எந்தப் பாவியோ கொட்டிவிட்டான். அளவு இல்லையென்றால் மூன்றாவது தடவை. இத்தனை வாரம் கஷ்டப்பட்டு, வீட்டு வாசலில் இருக்கிறதைப் போய் விட்டேனே!

வீட்டுக்குள் நுழையும்போதே புலம்பல். “யாரோ கொட்டிட்டாங்க! எல்லாம் போச்சுங்க!”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கோணல் மாணலாக, 34. மேஜைமேல் அவருடைய பழைய அளவுக் குவளை ஈரமாக இருந்தது.

எனக்குப் புரிய நேரமாயிற்று. கைத்தடியின் நுனியில் சேறு. உள்ளே ஊன்றுகிற தடியில் எப்படிச் சேறு வரும்?

கருவியை எடுத்துப் பார்த்தேன். கோடுகள், நான் நடக்காத கோடுகள். வாசல் வரை ஒன்று. எதிர்வீட்டுச் சுவர் வரை ஒன்று. விளக்குக் கம்பம் வரை நாலைந்து. எல்லாம் நான் கடைக்குப் போகிற நேரங்கள். என் பேட்டரியெல்லாம் போன வழி! இன்றைய கோடு தெருமுனையில் வலது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இடது பக்கம் போய், நூறு மீட்டர் தள்ளி நின்று, சுற்றிக்கொண்டு வந்து, தொட்டிக்குப் போயிருக்கிறது. பத்தொன்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு மலை ஏறினவர் தெருமுனையில் வழி தவறி, அம்பைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். திரும்பி வருவதற்குக் குறித்திருந்த இடத்தின் பெயரையும் மாற்றியிருந்தார். ‘வீடு’ இல்லை. ஆறு ஆங்கில எழுத்தில் ‘திக்கு’.

“என்கிட்ட ஏங்க சொல்லல? நானும் கூட வந்திருப்பேனே!” எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அ... அதான் சொல்லல” என்றார். மூச்சை இழுத்துக்கொண்டார். “நீ கூட வந்தா... வழி தப்பிடும்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

படிவத்தை எடுத்தேன். இரண்டு முதல் ஐந்து வரை என் கையெழுத்து. ‘அவருக்காக’ என்று எழுத இன்று மறந்துவிட்டது, இனியும் எழுதப் போவதில்லை. ஒன்றாம் நம்பருக்கு எதிரில் பேனாவை அவர் இடது கையில் கொடுத்தேன். கட்டத்தைத் தாண்டிப் போகிறது கையெழுத்து, போகட்டும்.