பெயரைச் சொல்லச் சொன்னவர்

அன்புப் பேத்தி மீரிமுக்கு,

நாரினிலிருந்து பாட்டி சோனுன்பூபூ எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பிஷ்கெக்கில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? செவலைக் குதிரை குட்டி போட்டிருக்கிறது. முதல் பாலைப் புளிக்க வைத்து உனக்கென்று மூடி வைத்திருக்கிறாள் உன் அம்மா குல்பாரா. போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுவாய். அதனால் இதை டாக்ஸிக்கார எர்லான் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அரசியல் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போன வாரம் உங்கள் கட்சி வேட்பாளர் தாலந்த்பெக் நம் ஊரில் பேசினாரே, நான் முன்வரிசையில் இருந்தேன். மலைச்சாலையில் பனி சரியும் இடத்தைச் சரியாகச் சொன்னார். பிரசவத்துக்கு இங்கேயே ஆஸ்பத்திரி என்றபோது நானும் கைதட்டினேன். மேடையில் நீ நின்ற நிமிர்வைப் பார்த்து, அது யார் பேத்தி தெரியுமா என்று தெரிந்தவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தன் ஏழு தலைமுறைப் பெயர்களைச் சொன்னார். மூன்றாவது பெயர் என் மாமனாரின் அப்பா பெயர். இவருடைய தாத்தாவும் என் மாமனாரும் அண்ணன் தம்பியாம். என் மாமனார் கூடப்பிறந்தவர் யாருமில்லாமல் ஒற்றையாய் வளர்ந்தவர் என்பது உனக்கும் தெரியும்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். இறங்கி வந்து மைக்கை என் வாயருகே நீட்டினார். "நான் யாரோட கொள்ளுப்பேரன்? பாட்டி, உங்க வாயாலயே அந்தப் பேரைச் சொல்லுங்க."

நான் இந்த வீட்டு மருமகள். முக்காடு போட்டு இங்கே வந்த நாளிலிருந்து, புகுந்த வீட்டுப் பெரியவர் பெயர் என்பதால், அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. லாடம் அடிக்கிற உலோகத்துக்கும் அதே பெயர் என்பதால் அதைக்கூடக் 'கருங்கெட்டி' என்றுதானே சொல்கிறேன். நம் வீட்டில் பிறந்த எவனும் மருமகளிடம் அந்தப் பெயரைக் கேட்கமாட்டான். தொண்டை சரியில்லை என்று சைகை காட்டினேன். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். நீ தரையைப் பார்த்தாய்.

மூன்றாவதிலிருந்து நம் வீட்டுப் பெயர்களைப் பிசகாமல் சொல்ல அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. உன் தாத்தா மடியில் உட்கார்ந்து அதே ராகத்தில் சொன்ன சின்னப் பெண்ணின் குரல் எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் தொக்தோசுன் கிழவர் வாசலில் குதிரையை நிறுத்தி, "என்ன மதினி, இத்தனை வருசம் கழிச்சு உங்க மாமனாருக்குத் தம்பி பொறந்திருக்காராமே, தொட்டில் கட்டலையா?" என்றார். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

நேற்று தாலந்த்பெக்கின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். சனிக்கிழமை அவர் மறுபடி வருவாராம். ஊர் முன்னால் நான் இரண்டு கையும் ஏந்தி, நம் வீட்டுப் பிள்ளை என்று அவரை வாழ்த்த வேண்டுமாம். இல்லாவிட்டால் கட்சிப் பட்டியலில் உன் பெயர் நிற்காதாம். ஒரு துண்டு ரொட்டிகூட வாயில் வைக்காமல் எழுந்து போனார்கள். "வெறும் வாய்வார்த்தைதானே அத்தை, சொல்லிட்டாத்தான் என்ன?" என்கிறாள் உன் அம்மா. அவளுக்கு உன்னைப் பற்றிய பயம். எனக்கும்தான்.

அந்நியனாகவே வந்து சாலை போடுகிறேன் என்றிருந்தால் என் ஓட்டு அவருக்கு. பதவிக்கு ஆசைப்படுவது தப்பில்லை, நீயும் ஆசைப்படு. ஆனால் அவருக்கென்று சொந்தமாய் ஒரு தாத்தா இருந்திருப்பார் இல்லையா? அவரையே நம் ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வந்தவர், ஜெயித்த பிறகு நம் சாலையை எங்கே இறக்கிவிடுவார்?

சனிக்கிழமை அந்த மைக் என் முன்னால் வரும். பொய்யாக வாழ்த்த என்னால் ஆகாது. பெயர் சொல்லி மறுக்கவும் ஆகாது. நீ வெள்ளிக்கிழமையே வந்துவிடு கண்ணு. நீ இந்த வீட்டில் பிறந்தவள், அந்தப் பெயர் உன் வாய்க்கு விலக்கில்லை. கொடுத்தவள் நீயே, ஊர் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லித் திருப்பி வாங்கு. என் இரண்டு கையும் உன்னை வாழ்த்த ஏந்தியபடி இருக்கும்.

கணவாயில் இன்னும் வழுக்குகிறதாம். பகலிலேயே புறப்படு. உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாட்டி
சோனுன்பூபூ