தூக்கம் வந்துவிட்டதுங்க

சிங்காநல்லூர்,
10.6.2024

மதிப்புக்குரிய ஹாரிகா மேடம் அவர்களுக்கு,

வணக்கமுங்க. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனைத் தள்ளி வைக்க வேண்டும், தூக்கம் எப்படி இருந்தது என்பதைக்கூட வாரம் ஒரு முறை கையால் எழுதித் தபாலில் போட வேண்டும் என்றீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

சனிக்கிழமை உங்கள் கிளினிக்கிலிருந்து வந்ததும் மாமியார் ராசாத்தாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏனம்மணி, வசியம் பண்றவங்ககிட்டயா போய்ட்டு வாரே?"

"வசியமில்லீங்கத்தை, ஹிப்னோதெரபி. பேசியே தூங்க வெப்பாங்க."

"பேசுனாத் தூக்கம் வருமுன்னா, உங்க மாமனாரு பேசுன பேச்சுக்கு நானு நாப்பது வருசம் தூங்கியே இருக்கோணும்."

எதற்காக வந்தேன் என்பதை அன்றைக்குச் சரியாகச் சொல்லவில்லை. போன மாதம் சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் கண் விழித்தேன். பின்சீட்டில் பாப்பா இருந்தாள். எட்டு வயது. இரண்டு வருடமாகத் தூக்கத்தில் அவளுக்கு வலிப்பு, பிட்ஸ் வரும். டாக்டர் பார்க்கிறார், மாத்திரை நடக்கிறது. அவள் தூங்கிவிடுகிறாள், எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

நீங்கள் இருபதிலிருந்து எண்ணினீர்களே, பத்து வருவதற்குள் அசந்துவிட்டேனுங்க. வீட்டிலும் அதே மாதிரி எண்ணிக்கொண்டு படுத்தேன். தூக்கம் வந்துவிட்டதுங்க. உங்களுக்குப் புண்ணியம்.

இப்படிக்கு,
பிரவீனா மனோஜ்குமார்

ஆர்.எஸ்.புரம்,
9.7.2024

அன்புள்ள பிரவீனா,

உங்கள் நான்கு கடிதங்களும் என் கோப்பில் இருக்கின்றன. கையெழுத்து என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. நான்கிலும் ஒரே சேதி, தூக்கம் வந்துவிட்டதுங்க. ஐந்தே சனிக்கிழமையில் இவ்வளவு பலன் கண்டவர் என்னிடம் வரும் அம்மாக்களில் வேறு யாருமில்லை.

அதனால் ஒரு உதவி கேட்கிறேன். வரும் 27ஆம் தேதி ஒரு பள்ளியில் அம்மாக்கள் கூட்டம். முப்பது பேர் வருவார்கள், முக்கால்வாசிப் பேர் தூக்கமில்லாதவர்கள். நான் பேசினால் விளம்பரம் என்பார்கள். நீங்கள் பத்து நிமிடம் பேசினால் நம்புவார்கள். அத்தையையும் கூட்டி வாருங்கள், முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்.

அன்புடன்,
ஹாரிகா

சிங்காநல்லூர்,
14.7.2024

மதிப்புக்குரிய மேடம் அவர்களுக்கு,

கூட்டத்துக்கு என்னால் வர முடியாதுங்க. நேற்று கிளினிக்குக்கு வராததற்கும் அதே காரணம்தான். நான் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை. உங்கள் நாற்காலியிலும் தூங்கவில்லை, வீட்டிலும் தூங்கவில்லை.

முதல் நாள் நீங்கள் திரையை இழுத்துவிட்டு, ஃபேனைக் குறைத்து, தொண்டை வறள அரை மணி நேரம் பேசினீர்கள். முடித்துவிட்டு "எப்படி இருக்குதுங்க?" என்று ஆசையாகக் கேட்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று எப்படிச் சொல்வது? விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் "அருமையா இருக்குதுங்க" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். அப்படித்தான் சொல்லிப்போட்டேன். அப்புறம் நாலு சனிக்கிழமையும் கண்ணை மூடிக் கிடக்க வேண்டியதாயிற்று.

"எதையும் காதில் வாங்க வேண்டாம், எல்லாம் பத்திரமாக இருக்கிறது" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். நான் காதில் வாங்காவிட்டால், பாப்பாவுக்கு வரும்போது வேறு யார் கேட்பார்கள்?

வெள்ளிக்கிழமை வண்டியோடு விழுந்துவிட்டோம். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. வீட்டுக்கு வந்து, "அப்பா, அம்மா தூங்கிட்டே வண்டி ஓட்டறாங்க" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. உங்களையும் ஏமாற்றிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிரவீனா

ஆர்.எஸ்.புரம்,
18.7.2024

அன்புள்ள பிரவீனா,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வருத்தமாகத்தான் இருந்தது. உப்பில்லாத குழம்பை முப்பது பேருக்குப் பரிமாறப் பார்த்திருக்கிறேன். கூட்டத்தை விடுங்கள். வண்டியையும் விடுங்கள், பாப்பா ஆட்டோவில் போகட்டும்.

தப்பில் பாதி என்னுடையது. தூக்கத்தைப் பற்றி உங்களிடம் நாற்பது கேள்வி கேட்டேன். ராத்திரி பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யார் என்று கேட்கவே இல்லை. காவலுக்கு இன்னொரு ஆள் இல்லாமல் எந்த அம்மாவையும் என்னால் தூங்க வைக்க முடியாது. உங்கள் வீட்டுக்காரரைப் பாப்பாவின் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பிட்ஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் தன் கையால் செய்து பழகட்டும். அதுவரை சனிக்கிழமை வர வேண்டாம். எது நடந்தாலும் எழுதுங்கள். அருமை என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஹாரிகா

சிங்காநல்லூர்,
6.8.2024

அன்புள்ள ஹாரிகா அவர்களுக்கு,

வீட்டுக்காரரிடம் சொன்னேன். காலை ஆறு மணிக்கு மோட்டார் கம்பெனிக்குப் போகிற மனுசன், தூங்கட்டும் என்று இரண்டு வருடமாக எழுப்பியதே இல்லை. அன்றைக்கு, "உங்களுக்கென்னங்க, படுத்தாத் தூங்கிருவீங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நானும் முழிச்சுட்டுத்தான் கெடப்பேன் பிரவீனா. பாப்பாவுக்கு ஒடம்பு வெட்டறதப் பாக்க எனக்குத் தைரியமில்ல. கண்ண மூடிக்குவேன்" என்றார்.

ஐந்து சனிக்கிழமை உங்களிடம் நடித்தவள் நான். அவரை ஏச எனக்கு யோக்கியதை இல்லைதான். இருந்தாலும் ஏசினேன். இரண்டு வருடத்துக் கோபம், மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் அவரே டாக்டரிடம் கிளம்பினார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. அங்கேயே இவர் தலையணையை வைத்து மூன்று தடவை செய்து காட்டினார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அவர் முறை. அன்றைக்கு நான் அத்தை அறையில் படுக்கிறேன். முதல் செவ்வாய் சுவரில் காதை வைத்துக்கொண்டு விடிய விடியக் கிடந்தேன். அருமை என்று எழுத மாட்டேன்.

இனி கிளினிக்குக்கு வர மாட்டேனுங்க. வாரேன் வாரேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது என் வழக்கம். உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பாப்பாவுக்கு வந்திருக்கிறது. ஒரு நிமிடம் இருபது நொடி. அவர் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தானாக நின்ற பிறகு நேரத்தைக் காலண்டரில் எழுதி வைத்திருந்தார். மறுநாள் காலை ஏழரை மணிக்கு எழுந்து சமையல்கட்டுக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

பிரவீனா