மந்திரப் புத்தகத்தின் தோல் அட்டை

வியாழக்கிழமை, இரவு

செத்துப்போன என் மனைவி மஞ்சுளாவின் ஆவியை வரவழைக்க, பதினோரு நாளாக நான் வீட்டில் வாய் திறக்காமல் இருந்தேன். நாற்பத்தெட்டு நாள் பேசாமல் இருந்தால் அவள் வந்து பேசுவாளாம். மந்திரவாதி கொடுத்த புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இருநூறு வருடப் பழைய புத்தகம் என்றார். மகள் கவிதா எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்று தோல் கம்பெனியில் அந்தப் புத்தகத்தை ரஃபீக் பாயிடம் காட்டி, பேசாமல் இருப்பதையும் சொன்னேன். என்னோடு இருபது வருடமாகத் தோல் தரம் பார்ப்பவர். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அட்டை ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சீவினார். உள்ளே நீலம் தெரிந்தது.

"நீலமா இருக்குது பாரு, இது குரோம் உப்புல பதம் பண்ண தோலு குமாரு. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி குரோம் ஏதுபா? உனுக்குத் தெரியாதா இன்னா?"

தெரியும். தினமும் அதுதான் என் வேலை. இதை மட்டும் சீவிப் பார்க்க மனசு வரவில்லை.

பாய் சிரிக்கவில்லை. "போய் பொண்ணுகிட்ட பேசு" என்றார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், "சாப்ட்டியாம்மா?" என்றேன். கவிதா கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள்.

"அம்மா மாதிரி நீயும் போய்ட்டேன்னு நெனச்சேம்பா."

உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். போய்ப் பதில் சொல்ல வேண்டும்.