பொத்தான்காரி

என் ஞானசெல்வம் அக்காவுக்கு,

உன்னை அடக்கம் செய்து இன்றைக்கு இருபத்து மூன்று நாள். எனக்கு இன்னும் ஒழுங்காக அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. "கோவத்தோட கத்திரிக்கோலத் தொடாதட்டி" என்பாய். சரி, கத்திரிக்கோலைத் தொடவில்லை. பேனாவைத்தான் எடுத்திருக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் உன் மேல் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். "இது எந்த ஞானசெல்வம்?" என்று ஒருத்தி கேட்டாள். "அதான், பழைய வளவுல மிஷின் வச்சிருந்தால்லா, பொத்தான்காரி. ஒரு பச்சப் பிள்ள உசுருக்கே ஒல வைக்கப் பாத்தாளே, அவதான்" என்றாள் மற்றவள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது அக்கா. உன் பெட்டியை இறக்கும்போதும் அந்தப் பெயர் கூடவே வந்து நிற்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபம். உன் மகன் ஜெபராஜ் எழுந்து பேசினான். நல்ல பிள்ளை, அழுதுகொண்டேதான் பேசினான். "ஒரு தடவை அம்மாவோட கவனக்குறைவால பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து வந்தது. அதுக்கப்புறம் அம்மா தன் தப்ப உணர்ந்து எங்களுக்காகவே வாழ்ந்தாங்க" என்றான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என் கலாதான். அவளும் என் அருகில் உட்கார்ந்து தலையை ஆட்டினாள். நான் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

நீ எந்தத் தப்பை உணர்ந்தாய்? எப்போது திருந்தினாய்? எனக்குத் தெரியாமலா?

இந்தக் கடிதத்தை ஊர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. செத்த நேரம் பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் அந்த வளவுக்குக் குடிவந்தோம். வரிசையாக ஆறு வீடு, நடுவில் ஒரு அடிபம்பு. என் வீட்டுக்காரருக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஒரே மில்லில் வேலை. உன் வீட்டில் சீதனமாக வந்த கால் மிஷின் இருந்தது. என்னிடம் கைக்குழந்தை இருந்தது. முதல் ஆறு மாதம் உன்னை நீங்க என்று கூப்பிட்டேன். பிறகு எப்போது நீ ஆனாய் என்று எனக்கு நினைவில்லை.

நம் ஊரில் பேண்டேஜ் துணிக்கும் பஞ்சுக்கும் பஞ்சமா? தறிக்கூடத்தில் கழித்துப்போட்ட துண்டுத் துணி, மில்லில் கழிந்த பஞ்சு. இரண்டையும் வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்துத்தான் நாய் செய்தோம். ராஜபாளையத்து நாயேதான். வெள்ளை உடம்பு, பழைய ஜாக்கெட் துணியில் ரோஸ் மூக்கு, கறுப்புப் பொத்தானில் இரண்டு கண். பிறந்தநாள், பால்குடி மறந்த பிள்ளை, ஞானஸ்நானம் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் நம் பரிசு அந்த நாய்தான். "எல்லாரும் சில்வர் டம்ளர் கொண்டு வாரா, இவளுக நாயக் கொண்டு வாராளுக" என்று சிரித்தார்கள். டம்ளரைக் கட்டிக்கொண்டு எந்தப் பிள்ளை தூங்கியது?

பிள்ளைகளைப் பார்க்காமல் தைத்தோம் என்கிறார்களே, நாம் எப்படித் தைத்தோம் என்று யாருக்குத் தெரியும்? கலாவின் தொட்டிலில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை மிஷினின் மிதிபலகையில் முடிந்துவிட்டாய். நீ மிதித்தால் தையலும் ஓடும், தொட்டிலும் ஆடும். மிஷின் நின்றால் அவள் விழித்துக்கொள்வாள். அவள் தூங்க வேண்டும் என்பதற்காகவே துணியில்லாமல் நீ சும்மா மிதித்த நாளெல்லாம் உண்டு. இன்றைக்கும் பக்கத்தில் மிக்ஸி ஓடினால் அவளுக்குக் கண் சொருகுகிறது. உன் ஜெபராஜ் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டித்தான் வளர்ந்தான். அவனுக்கு அது ஞாபகம் இல்லை போலிருக்கிறது.

குடிவந்த மறுவருஷம் ஆடி மாதம் வில்லிபுத்தூர் தேரடிப் பக்கத்துப் பேன்சி ஸ்டோர்க்காரர் தேருக்கு நாற்பது நாய் கேட்டார். முதல்முறையாக ஒரு கடையில் நம் பொருள். வெட்டுவதும் பஞ்சு அடைப்பதும் என் வேலை, மிஷினும் கண் வைப்பதும் உன் வேலை. நீ கண் வைத்தால் ஒரே நூலை இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்ணுக்குத் தலைக்குள்ளேயே ஓட்டி, இழுத்து, பொத்தானுக்கு அடியில் நாலு சுற்றுச் சுற்றி முடிவாய். மாடு கட்டி இழுத்தாலும் வராது. நாள் நெருங்கியதால் கடைசி ஏழெட்டு நாய்க்கு நான் கண் வைத்தேன். ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியாக, சட்டைப் பொத்தான் மாதிரி இரண்டே குத்து. கலா பல் முளைக்கிற சிணுங்கலில் என் முதுகில் ஏறிக்கொண்டிருந்தாள். இது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. அதில் ஒன்றைத்தான் கலா எடுத்துக் கடித்தாள். கண் பிடுங்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விட்டது. அவள் முகம் நீலம் பாரித்ததைப் பார்த்து நான் நின்ற இடத்திலேயே கத்தினேன். நீதான் அவளைப் பறித்துத் தொடையில் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தாய். மூச்சு வந்தது, பொத்தான் வரவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே போயிருச்சு. வாழைப்பழம் குடுங்க, ரெண்டு நாள்ல தானா வந்துரும்" என்றார்.

சேதி வில்லிபுத்தூருக்குப் பறந்து, பொழுது சாய்வதற்குள் என் மாமியார் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பிள்ளையப் பாருன்னா பொம்மைக்குக் கண்ணு வைக்காளாம் கண்ணு! கெட்டுட்டி மூட்டைய. ஒன் புருசன் இங்க கெடந்து கஞ்சி குடிக்கட்டும், நீ எங்கூட வில்லிபுத்தூருக்குக் கெளம்பு. இனிமே ஊசியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன். யாருடி வச்சது அந்தப் பொத்தான?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் வந்தாய். ஒற்றைக் கண் நாய் உன் கையில் இருந்தது. பிய்ந்த நூலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அது உன் முடிச்சு இல்லை என்று அந்த நொடியே உனக்குத் தெரியும்.

"நாந்தான் ஆச்சி வச்சேன். வேலம்மாளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ பிள்ளையத்தான் பாத்துட்டிருந்தா" என்றாய்.

உனக்கு விழுந்த ஏச்சை இங்கே எழுத மாட்டேன். வளவே கூடி நின்று கேட்டது. அவர் போன பிறகு, ஏன் அக்கா இப்படிச் சொன்னாய் என்று உன் கையைப் பிடித்து அழுதேன். "எனக்கு மாமியா இல்லட்டி. என்னைய ஏசிட்டுப் போக ஆளுண்டு, கூட்டிட்டுப் போக ஆளில்ல. நீ வாயத் தொறந்தேன்னா வில்லிபுத்தூர்ல போய் அடுப்பங்கரையில கெடப்ப. சத்தியம் பண்ணு" என்றாய். பண்ணினேன்.

மூன்றாம் நாள் காலையில் அது வந்தது. தாய் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன், நீ குச்சியால் கிளறிப் பார்த்து, "வந்துருச்சுட்டி! ராசாத்தி பெத்துப் போட்டுட்டா!" என்று வளவு அதிரக் கத்தினாய். சோப்புப் போட்டுக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தாய். "மறக்காத. ஆனா பயந்துறாத" என்றாய். அதுவரைக்கும் வராத அழுகை உனக்கு அப்போதுதான் வந்தது.

அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தப் பெயர் விழுந்தது. உன் வீட்டு வாசலுக்குப் பிள்ளைகளை விட மாட்டோம் என்றார்கள். உன் வீட்டுக்கார அண்ணன் மிஷினின் தோல் பெல்ட்டைக் கழற்றித் தூக்குவாளிப் பையில் போட்டு மில்லுக்கே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். பெல்ட் இல்லாவிட்டால் சக்கரம் எப்படிச் சுற்றும்? வேறு யாராவது என்றால் மிஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, கும்பிடு போட்டிருப்பார்கள். நீ பேண்டேஜ் துணியை மூன்று புரியாக முறுக்கி, முனைகளைச் சேர்த்துத் தைத்துச் சக்கரத்தில் மாட்டினாய். அது பத்து மிதிக்கு ஒருதரம் வழுக்கியது. வழுக்கினால் நான் கையால் சக்கரத்தைத் தள்ளுவேன், நீ மிதிப்பாய். அப்படித்தான் அந்த நாற்பது நாயின் தலையையும் பிரித்து, பொத்தானை எடுத்துவிட்டு மறுபடி தைத்தோம். ஒரு நாள் அண்ணன் சீக்கிரம் வந்துவிட்டார். துணிப் பெல்ட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். பையிலிருந்து தோல் பெல்ட்டை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு அடிபம்புக்குக் கால் கழுவப் போனார்.

இனிமேல் பொத்தானே வேண்டாம் என்றாய். கண்ணைக் கறுப்பு நூலால் போட்டோம். திறந்த கண் போட வரவில்லை, முட்டைக்கண்ணாக முறைத்தது. வளைத்து ஒரு கோடு போட்டுக் கீழே மூன்று இமைமுடி போட்டோம், மூடிய கண் ஆகிவிட்டது. பேன்சி ஸ்டோர்க்காரர் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா இது? ராஜபாளையத்து நாய் தூங்குனா வீடு என்னத்துக்கு ஆகும்?"

"பிள்ள தூங்கணும்னா மொதல்ல நாய் தூங்கணும் அண்ணாச்சி. வேணும்னா வைங்க, இல்லன்னா அடுத்த கடைக்குப் போறோம்" என்றாய்.

அவர் வைத்துக்கொண்டார். தேர் நிலைக்கு வருவதற்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. தொண்ணூறுகள் முழுக்கத் தேவதானத்திலிருந்தும் சேத்தூரிலிருந்தும் தூங்குற நாய் கேட்டு ஆள் வந்தார்கள். உன்னைப் பொத்தான்காரி என்ற அதே வளவு, பேரப்பிள்ளைக்கு என்று பின்வாசல் வழியாக வந்து வாங்கிப்போனது. தைத்தது நீ. திருந்தினாளாம், எங்களுக்காகவே வாழ்ந்தாளாம்! பிள்ளைகளுக்காகவும் வாழ்ந்தாய், உனக்காகவும் வாழ்ந்தாய். இதைச் சொல்ல ஏன் எல்லோருக்கும் இத்தனை கூச்சம்?

இன்னொன்றும் கேட்கிறேன். அன்றைக்குக் கலாவின் அப்பா மில்லில் இருந்தார். பிள்ளை பொத்தானை விழுங்கும்போது நீ எங்கே போனாய் என்று அவரை யாராவது கேட்டார்களா? மில்லை இழுத்து மூடு என்று சொன்னார்களா? என் முடிச்சு மோசம், ஒத்துக்கொள்கிறேன். முடிச்சு மோசம் என்றால் முடிச்சை மாற்ற வேண்டும். நாம் மாற்றினோம். அதற்காக நான் மோசமான தாய் என்று எவள் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். என் மாமியார் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போக யார் இருந்தார்கள்? அப்போதே சொல்லியிருக்கலாம். சத்தியம், சத்தியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் சத்தியம் எனக்கு வசதியாகவும் இருந்தது அக்கா. உன் பெயரில் என் பொத்தான் இருந்ததால் என் வீட்டில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் கலாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். பொத்தானையும் காட்டினேன். முதலில் சிரித்தாள். "எனக்குள்ள போய்ட்டு வந்தது, அது என்னுது, குடு" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பெரியம்மா உசுரோட இருக்கும்போது ஏம்மா சொல்லல?" என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? நீயே சொல்.

அவளுக்கும் இப்போது கைக்குழந்தை. கட்டிலிலிருந்து விழுந்து நெற்றியில் சின்ன வீக்கம், உடனே வேலையை விடு என்கிறார்கள் அவள் வீட்டில். "கட்டில மாத்துறேன், வேலைய மாத்த மாட்டேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டாளாம், நேற்று போனில் சொன்னாள். எனக்கு உன் குரல் கேட்டது.

அடுத்த மாதம் உனக்கு நினைவு ஜெபம் வைக்கிறார்கள். நானும் கலாவும் வருகிறோம். ஜெபராஜ் பேசி முடித்ததும் நான் எழுந்து நிற்பேன். அந்தப் பொத்தானை எல்லோரும் பார்க்கும்படி கையில் வைத்துக்கொண்டு, இதைத் தைத்தது யார், உயிரைக் காப்பாற்றியது யார், பழியைச் சுமந்தது யார் என்று ஒன்று விடாமல் சொல்வேன். நீ வாங்கிய சத்தியத்தை உடைக்கிறேன். வந்து கோபித்துக்கொள், வா.

இனி இந்த ஊரில் எவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கப் போகிறவள் நான்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
பொத்தான்காரி வேலம்மாள்