இடது பக்கச் சக்கரம்

மாதேஸ்வரி,

கார் ஜாக்கியில நிக்குது, பசங்களப் பக்கத்துல விடாத. குக்கர்ல சாதம் இருக்கு, ரசம் மட்டும் வச்சுக்கோ.

ஞாயித்துக்கிழமை உங்கப்பா காரியத்துக்குப் போறோமேன்னு பிரேக் பேட் மாத்த உக்காந்தேன். இடது சக்கரத்துல உள்பக்கத்துப் பேட் தகடு வரைக்கும் தேஞ்சு கெடக்கு. வெளிப்பக்கத்துது அப்படியே இருக்கு. பேடை அழுத்துற காலிபர் துருப்புடிச்சு இறுகிப்போச்சு. பெடல்ல இருந்து காலை எடுத்தாலும் பிரேக் புடிச்சுக்கிட்டே இருந்திருக்கு.

அன்னைக்கு, முடியாம கெடந்த உங்கப்பாவைப் பாக்க நீ மட்டும் கார்ல கெளம்புன. கருகுற வாசம் வருது, வண்டி இடது பக்கமே இழுக்குதுன்னு அஞ்செட்டி ரோட்டுல பாதியில திரும்பிட்ட. மறுநாள் பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள அவரு போயிட்டாரு. வண்டியில ஒண்ணும் இல்ல, இவ மலை ரோட்டுக்குப் பயந்து திரும்பிட்டான்னு எழவு வீட்டுல நான்தான் சொன்னேன். கம்பெனியில பிரேக் பார்ட்ஸ் செக் பண்றவன் சொல்றானேன்னு எல்லாரும் நம்பிட்டாங்க. அப்புறம் நீ கார் சாவியத் தொடவே இல்ல.

மெக்கானிக் மஞ்சுநாத் பதினொரு மணிக்குப் புது காலிபரோட வருவாரு. கன்னடத்துல பேசு. சாவி டிவி மேல இருக்கு.

பிரேம்

தேஞ்ச பேடைப் பேப்பர்ல சுத்தி அலமாரியில வச்சிருக்கேன். மஞ்சுநாத் கேட்டாலும் குடுக்காத. ஞாயித்துக்கிழமை உங்கண்ணன்கிட்ட, எல்லார் முன்னாடியும் நானே காட்டுறேன்.

காட்டுனா மட்டும் அப்பா முகத்தப் பாத்துருவேனான்னு நீ கேப்ப. அதையும் அங்க எல்லார் முன்னாடியும் கேளு.