சேந்தியிடம் வராத தட்டு

அலையோயா வெண்துறை நாட்டைத் தாயினும் பரிந்து காக்கும் ஆதிரைநங்கை தேவியார் திருமுன், செங்கழனி நாட்டுக் கோமகனாரின் பொற்பண்டார நாயகம் விழுப்பரையன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் மரக்கலங்கள் நெல்லோடு அணைக. தங்கள் உப்பளங்கள் வெண்மை குன்றாதிருக்க. புயலில் வீடிழந்தோர் மீண்டும் கூரை காண்க. இவ்வாழ்த்தை எழுதும் தகுதி என் கைக்கு இல்லை என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

தங்கள் நாட்டு உப்பளக் குடியில் பிறந்து, எம் பண்டாரத்தில் பொன்னின் மாற்றுப் பார்க்கும் வண்ணக்கருள் ஒருத்தியாய் இருந்த சேந்தி, போலிப் பொன் என்று அறிந்தும் வாய்திறவாதிருந்தாள் என்று ஊரார் அவளை விலக்கிவைத்திருப்பதையும், பெற்ற தாயே சோறிட மறுப்பதையும் கூறி, அப்பழி மெய்தானா எனக் கேட்டிருந்தீர்கள். மெய்யன்று, தேவி. நடந்ததைச் சொல்கிறேன்.

பன்னிரு குடியாரே தலைமுறை தலைமுறையாய் வீற்றிருந்த வண்ணக்கர் அவையில் பிற குடியாரும் பெண்டிரும் இடம்பெற வேண்டும் என மூன்றாண்டுக்கு முன் கோமகனார் திருவுளம் கொண்டபோது, சேந்தியைத் தேர்ந்தவன் யானே. பன்னாட்டு மரக்கலங்கள் இறக்கும் காசைச் சிறுவயது முதலே கல்லில் தட்டி, ஓசையால் மாற்றுரைக்கக் கற்றவள் அவள். அவளுக்குப் பதின்மூன்றாம் இருக்கையும், மற்றவர்க்கு நிகரான ஊதியமும், வண்ணக்கர்க்குரிய பட்டாடையும் அளிக்குமாறு ஆணை எழுதினேன். எழுதிவிட்டு ஊரெல்லாம் பெருமை பேசினேன்; தங்களுக்கும் அப்படியோர் ஓலை வந்தது.

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கைமாறி வரும் ஒரே தட்டிலிருந்து வெற்றிலை எடுத்தவர்க்கே அன்று பேச உரிமை. என் ஆணையில் வெற்றிலை இல்லை. ஆகவே ஆணையில் உள்ளதை அணுவளவும் குறைக்காமல் தந்தார்கள், இல்லாததைத் தரவில்லை. தட்டு பன்னிரண்டாமவரிடம் வந்து திரும்பிவிடும். எவரும் அவளை இகழ்ந்ததில்லை. புன்னகையோடு நலம் கேட்பார்கள், பட்டாடை பொருத்தமாய் இருக்கிறது என்பார்கள். முதலாண்டில் ஒருநாள் அவள் என்னிடம் வந்து, தனக்கும் வெற்றிலை கிட்டுமா எனக் கேட்டாள். இந்தச் சின்ன விஷயத்துக்காக மூத்தோர் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும், பொறுத்திரு, தானாக வரும் என்றேன். பிறகு அவள் கேட்கவேயில்லை. குறை தீர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணுவது எனக்கு வசதியாய் இருந்தது.

சென்ற ஐப்பசிப் புயல் தங்கள் கரையோர ஏழூரையும் துடைத்தபோது, தங்களுக்கு உதவியாய் யாம் கடல் கடந்து நெல் கொள்வதற்கான பொன் கோமகனாரின் மாமனார் நாட்டிலிருந்து வந்தது. அவையில் அதைக் கல்லில் தட்டிப் பார்த்து, மூத்த வண்ணக்கர் பெருங்கணத்தார் நற்பொன் என்றார். சேந்தி எழுந்து கைகூப்பினாள். வெற்றிலை பெறாதவர்க்கு இங்கே வாயில்லை என்று அவர் கடுமை சிறிதுமின்றி நினைவூட்டினார். அவள் அமரவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே, அதில் செம்பு மிகுதி என்றும், தன் ஏழூரும் அப்பொன்னை நம்பிப் பசித்திருக்கிறது என்றும் சொன்னாள். முறை பிறழ்ந்த சொல் ஏட்டில் ஏறாது என்றார்கள். காவலர் அவளை வெளியே கொண்டுபோயினர். யான் தலை நிமிராமல் அப்பொன்னுக்கு நற்பொன் முத்திரை இட்டேன்.

அயல்துறை வணிகர் அப்பொன்னை ஏற்கவில்லை. மரக்கலங்கள் வெறுமையாகத் திரும்பின. வேறு நெல் வந்து சேருமுன் ஏழூரிலும் பசியால் மாண்டவர் பலர். அவருள் சேந்தியின் தங்கை பெற்ற பச்சிளங்குழந்தையும் ஒன்று. அவை ஏடோ, அன்று இருந்தோர் பதின்மூவர், மறுத்தோர் எவருமிலர் என்றது. அந்த ஏட்டின் படியைத்தான் தங்கள் ஊரார் வாசித்தார்கள். அவளை உள்ளே சேர்த்துக்கொண்டோம் என்று நாங்கள் காட்டிய இருக்கையே அவளுக்கு எதிரான சான்றாகிவிட்டது.

பழைய வழக்கத்தை நீக்கிவிட்டதாகச் சொல்லி, அவளை மீண்டும் அழைத்துவரக் கோமகனார் தூதனுப்பினார். அவள் வர இசையவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுவரச் சொன்னாளாம்: அன்று அந்த ஓசையின் குறை அவையில் தன் ஒருத்தி செவியில் மட்டுந்தான் விழுந்ததா என்று.

அதற்கு விடை இது. முப்பதாண்டு வண்ணக்கனாய் இருந்தே இப்பதவிக்கு வந்தவன் யான். அந்த மழுங்கிய ஓசை என் செவியிலும் விழுந்தது. கோமகனாரின் மாமனாரைப் பகைக்க அஞ்சி, வேறு யாரேனும் சொல்லட்டும் எனக் காத்திருந்தேன். அவள் எழுந்தாள். அவளுக்கு வாயில்லை என்று பெருங்கணத்தார் சொன்னபோது, தேவி, எனக்கு ஆறுதலாய் இருந்தது.

இவ்வோலையைக் கோமகனார் முன் ஓதி, அவர் இசைவு பெற்றே இலச்சினை வைக்கிறேன். முதலில் சேந்தியின் தாய்வீட்டு வாசலிலும், பின்னர் ஏழூர் மன்றங்களிலும் இதை ஒரு சொல்லும் குறையாமல் உரக்க ஓதுவிக்க என்பது கோமகனார் ஆணை. என் பெயர் வரும் இடத்தில் ஓதுவோன் குரலைத் தாழ்த்த வேண்டா என்பது என் வேண்டுகோள். ஓதி முடியும்வரை வெண்துறை எல்லையில் ஆயுதமின்றி, துணையின்றி நிற்பேன். அதன்பின் ஏழூரார் அழைத்தால் வருவேன்.

இவை விழுப்பரையன் எழுத்து.