பிரேக் மாமா வின்ச் வாங்கிய வரலாறு

அன்பு மகள் வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய், உன் கம்பவுண்டர் நம்பமாட்டார், நீ ஊசி போடும் மாடுகள்கூட அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி நினைக்கும் என்று சத்தியம் செய்துவிட்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லோரும் நலம், என் இடுப்பு மட்டும் தனியாகக் கடிதம் எழுதும். நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை, அதை உன் அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள், நானும் ஏதோ அங்கேயே குடியிருப்பவன் போலப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃபோனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஃபோனில் சொன்னால் அவள் பின்னால் நின்றுகொண்டு, அப்படி இல்ல, இப்படி, அவ்வளவு பெருசு இல்ல, இவ்வளவுதான் என்று நான் விடும் ஒவ்வொரு சரடையும் பாதியிலேயே கத்தரித்துவிடுவாள். காகிதம் நல்ல பிறவி, என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்ளும்.

போன மாதம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, கன்று போட முடியாமல் தவித்த மாட்டைப் பார்க்கப் போன இடத்தில் ஓடைக்கரைச் சேற்றில் ஜீப் மாட்டிக்கொண்டது, பால் லாரி வந்து இழுக்கும்வரை தனியாக உட்கார்ந்திருந்தேன் என்று, நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். உன் அம்மா சிரிக்கவில்லை. ஃபோனை வைத்ததும் தன் தையல் கடைக்குள் போய், சீட் கவர் வெட்டும் மேஜை மேல் கிடந்த ரெக்சினையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, பரணில் இருந்த பெரிய பெட்டியை இறக்கித் திறந்து வைத்துவிட்டாள். என்ன இது என்றேன். "அவ வேலைய விட்டுட்டு வரட்டும். வரலன்னா நான் போய்க் கையோட கூட்டிட்டு வரேன்" என்றாள். அந்த மலைப்பக்கத்து மாடுகளுக்கு வேறு டாக்டர் இல்லையே என்றேன். "எனக்கும் வேற பொண்ணு இல்ல" என்றாள். அதற்கு மேல் பேச எனக்கும் வேறு வாய் இல்லை. நீயோ எனக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தாய், வண்டி மூக்கில் மாட்டுகிற வின்ச் ஒன்று, கையைக் கடிக்காத விலையில், எது வாங்கலாம் அப்பா, அம்மாவுக்குச் சொல்லாதே என்று. நம் வீட்டில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் முகமே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும் என்பது உனக்குத் தெரியாதா. சரி, மாட்டிக்கொண்டபின் மறைப்பானேன் என்று உன் அம்மாவிடம் விளக்கமாகவே சொன்னேன். ஒரு மோட்டார், அது சுழற்றும் ஓர் உருளை, உருளையில் சுற்றிய கயிறு, கயிற்று நுனியை எதிரே இருக்கும் மரத்தில் மாட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினால் வண்டி தன்னைத் தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும், இத்தனைதான் என்றேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டாள். "ஒரு டப்பா மோட்டார நம்பி எம்பொண்ண அங்க விடணுமா? என் கண்ணு முன்னால ஒரு வண்டிய சேத்துலேர்ந்து இழுத்துக் காட்டுங்க. இழுத்தா அவ அங்கயே இருக்கட்டும். இழுக்கலன்னா நான் பெட்டிய மூடிட்டுக் கெளம்பறேன்." ஆக, உன் வேலை, உன் மாடுகள், உன் மலை ராஜ்ஜியம் எல்லாம் அந்த நிமிஷத்திலிருந்து என் கையில். யார் கையில் என்று பார்த்துக்கொள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ரிவர்ஸை உனக்கு நினைவிருக்கும். நம் டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் பழகியவர், முன்னால் போவதில் மகாசூரர், பின்னால் எடுப்பது மட்டும் இன்றுவரை கைகூடவில்லை, போக வேண்டிய வாசலைத் தாண்டிவிட்டால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவாரே தவிர நாலடி பின்னால் எடுக்கமாட்டார். அவர் கடைக்குள் நான் நுழைந்த தோரணையைப் பார்த்து டப்பாவில் கிடந்த நட்டு போல்ட்டெல்லாம் எழுந்து நின்றன. மலையை இழுக்கிற மாதிரி ஒன்று எடு என்றேன். "மலைய இழுத்து எங்க மாமா நிறுத்துவீங்க, உங்க வாசல்ல ஸ்கூட்டருக்கே எடமில்ல" என்றார். முதலில் காட்டியது கப்பலைக் கரைக்கு இழுக்கும் ரகம், அதை மாட்டினால் ஜீப் மூக்கால்தான் நடக்கும், விலையைக் கேட்டு அடைத்த என் காது ஒரு டீ குடித்த பிறகே திறந்தது. அடுத்தது விலையிலும் உடம்பிலும் குழந்தை, துணி காயப்போடும் கொடியை வேண்டுமானால் விறைப்பாகக் கட்டலாம். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எடையை அப்படியே நம்பக் கூடாது என்று ரிவர்ஸ் சொன்னார், கயிறு ஏறக்குறைய முழுதும் வெளியே போய் உருளையில் அடிச் சுற்று மட்டும் மிச்சம் இருக்கும்போதுதான் அந்தப் பலமாம், மேலே ஒவ்வோர் அடுக்குச் சுற்றியிருக்கும்போதும் பலம் குறைந்துகொண்டே வருமாம். இதெல்லாம் தாய்ப்பாலோடு குடித்தவன் போலத் தலையாட்டினேன். சாமானெல்லாம் ஏற்றிய வண்டி எவ்வளவு எடையோ அதோடு அதில் பாதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும், அதற்குக் குறைந்து வாங்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான், இனிமேல் அது நான் சொன்னதாக ஊருக்குள் உலவும். அந்தக் கணக்குக்குப் பொருத்தமாக மூன்றாவது ஒன்று இருந்தது, பேர் கேள்விப்படாத கம்பெனி, விலை கட்டுப்படியாகும். அதிலும் இரும்பு வடம் சுற்றியது ஒன்று, நைலான் கயிறு சுற்றியது ஒன்று. நான் கம்பீரமாக இரும்பின் மேல் கையை வைத்தேன், மீசை வைத்தவன் வேறு எதைத் தொடுவான். பின்னாலேயே வந்திருந்த உன் அம்மா இரண்டையும் துணிக்கடையில் சாயம் போகுமா என்று பார்ப்பது போல விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இரும்பு அறுந்தா எங்க வந்து அடிக்கும்" என்று மட்டும் கேட்டாள். ரிவர்ஸ் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். நைலான் என்று முடிவாயிற்று. அதோடு விட்டாளா, கயிறு வெளியே வரும் வாய்க்குள் விரலை விட்டு, "இந்த ஓரம் கூரா இருக்கு, நூல அறுத்துடும், வழவழன்னு ஒண்ணு மாத்திக் குடுங்க" என்றாள். மாற்றிக் கொடுத்தார். சோதித்துப் பார்த்துப் பிடித்தால் வாங்குவது, சோதிக்கும்போது கீறல் விழுந்தால் பிடிக்காவிட்டாலும் வாங்குவது என்று பேச்சு.

நம் ஸ்கூலுக்குப் பின்னால் எட்டுப் போட்டுப் பழகும் மைதானத்தின் மூலையில் மழைக்குப் பிறகு ஒரு மாகடல் உண்டாகியிருந்தது. அதில் விழுந்த பந்தைப் பூமிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எடுத்து விளையாடுவதாகக் கேள்வி. நம் கிழட்டு ஜீப்பின் மூக்கில் வின்ச்சை மாட்டி அந்தக் கடலுக்குள் நானே இறக்கினேன், சக்கரங்கள் சுழன்று வீசிய சேற்றில் மேலே பறந்த காக்கைகள் செம்மண் நிறத்துக்கு மாறி, சொந்தக் கூட்டிலேயே அடையாளம் தெரியாமல் துரத்தப்பட்டன. கரையில் பழகுநர்கள் ஒரு கூட்டம், குடையோடு ரிவர்ஸ், கையைக் கட்டிக்கொண்டு உன் அம்மா. மரம் தூரத்தில் இருந்தது, நம் ஸ்கூல் போர்டு கிட்டத்தில் இருந்தது. பாதுகாப்பே முதலில் என்று பெரிதாக எழுதியிருக்குமே, அதன் இரும்புக் கம்பத்தை நானே குழி வெட்டி நட்டவன் என்ற கர்வத்தில் அதிலேயே கொக்கியை மாட்டிப் பட்டனை அழுத்தினேன். ஜீப் அசையவில்லை. போர்டுதான் மெல்ல, மிகுந்த மரியாதையோடு, சம்பள உயர்வு கேட்க வந்தவன் போல என் பக்கம் குனிந்தது. "பாதுகாப்பு வருது, எல்லாரும் ஒதுங்குங்க" என்றார் ரிவர்ஸ். உன் அம்மா தன் தையல் கடைக்குள் போய்விட்டு வந்தாள். எங்கே போனாய் என்றேன். பெட்டில ரெண்டு ஸ்வெட்டர் எடுத்து வச்சேன், அங்க குளிருமாமே என்றாள்.

இரண்டாவது தடவை ஒழுங்காக மரத்துக்கே போய், பட்டை நோகாமல் அகல வாரைச் சுற்றிக் கொக்கியை மாட்டினேன். ஸ்டியரிங்கைப் பிடிக்க ரிவர்ஸை உட்காரவைத்து, ரிமோட்டோடு நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்தேன். இங்கேதான் விதி சிரித்தது. ஆயுள் முழுக்க நான் உட்கார்ந்த பக்கத்து இருக்கைக்கெல்லாம் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, அதை மிதித்து மிதித்துத்தானே ஊர் எனக்கு பிரேக் மாமா என்று பட்டம் கட்டியது. பழக்கும் காரில் அது உண்டு, ஜீப்பில் இல்லை. இது என் மூளைக்குத் தெரியும், காலுக்கு யாரும் சொல்லவில்லை. பட்டனை அழுத்தினேன், கயிறு விறைத்தது, ஜீப் கிழவனைப் போல முனகிக்கொண்டு எழுந்தது, சேற்றை விட்டு வந்தது, கரையேறியது, பழகுநர்கள் கைதட்டினார்கள். அதோடு விரலை எடுத்திருந்தால் நான் மாமனிதன். மரம் நெருங்கி வருவதைப் பார்த்தேனா, பரம்பரைப் பலத்தையெல்லாம் திரட்டி இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தேன். என் கால் அழுத்தினால் ரிமோட் பட்டன்மேல் இருக்கும் கட்டைவிரலும் கூடவே அழுத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எவ்வளவுக்கெவ்வளவு மிதித்தேனோ அவ்வளவுக்கவ்வளவு மரம் வந்தது. வேகம் ஒன்றும் பிரமாதமில்லை, நத்தை எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தது, இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்து மோதியிருக்கலாம். நிஜமான பிரேக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு ரிவர்ஸ் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏனய்யா என்று பிறகு கேட்டதற்கு, "நீங்க போடுவீங்கன்னு இருந்தேன் மாமா, எப்பவும் நீங்கதானே போடுவீங்க" என்றார். பம்பர் மரத்தில் போய்ச் சாய்ந்த பிறகும் மோட்டார் உறுமிக்கொண்டிருக்க, உன் அம்மா ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினாள்.

அத்தோடு உன் கதை முடிந்தது, அவளுக்கு எந்த ஊர் வழியாக டிக்கெட் எடுக்கலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அவளோ ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கயிற்றைத் தடவிப் பார்த்து, மோட்டாரின் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மெஷின் மேல தப்பில்ல, சொன்னத அது செஞ்சுது. உள்ள உக்காந்திருந்த ரெண்டும்தான் சரியில்ல" என்றாள். பிறகு ரெண்டு பேரும் இறங்குங்கள் என்றாள். இறங்கினோம். மைதானத்தை விட்டு எல்லோரும் மதில் சுவருக்கு வெளியே போய் நிற்க வேண்டும், யாரும் யோசனை சொல்லக் கூடாது என்றாள். நான் மட்டுமாவது கூட இருக்கிறேனே என்றேன். "அவகூட அங்க நீங்களா இருக்கப் போறீங்க? தனியா ஒருத்தியால முடியுதான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். அவளிடம் லைசென்ஸ் இருப்பது நினைவிருக்கிறதா, அவள் வண்டியைத் தொடாததற்கு ஒரே காரணம் பக்கத்தில் உட்கார்ந்து நான் போடும் பிரேக்தான். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஏறினாள், ஜீப்பை மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கொண்டுவந்து நான் இறக்கியதைவிட ஆழத்தில் இறக்கினாள், அந்த அலையில் மதில் சுவர் நனைந்தது, ரிவர்ஸின் குடை பறந்து அடுத்த தெருவில் யாருக்கோ பிடிக்கப் போனது. சேற்றில் இறங்கி நடந்து, மரம் வரை கயிற்றை இழுத்துப் போய் மாட்டி, திரும்பி வந்து, ஒற்றை ஆளாக அவள் இழுத்த இழுப்பில் ஜீப் மட்டுமா வந்தது, மைதானமே ஒரு முழம் நகர்ந்தது, பட்டா திருத்த வேண்டுமோ என்று பயந்தேன். மரத்துக்குப் பத்தடி முன்னால் விரலை எடுத்தாள், நிஜ பிரேக்கை மிதித்தாள், கைப்பிரேக்கையும் போட்டாள். இறங்கி வந்து முகத்தில் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொண்டே, அவ வாங்கிக்கட்டும் என்றாள். அவ்வளவுதான், பெட்டி பரணுக்குப் போயிற்று, ரிவர்ஸ் வின்ச்சில் விழுந்த கீறலைக் காட்டி, பேசியபடி அதன் விலையை என்னிடம் வாங்கிக்கொண்டார்.

இதே போன்றதைத்தான் நீ வாங்க வேண்டும், பாட்டரி நல்லதாக இருக்கட்டும், இழுக்கும்போது எஞ்சினை அணைக்காதே, ரிமோட் வயரோடு இருப்பதே மேல், வயர் இல்லாதது உன் அப்பாவைப் போலச் சமயத்தில் கைவிடும். கொஞ்ச நேரம் இழுத்தால் கொஞ்ச நேரம் மோட்டாரை ஆறவிடு, உருளையில் சில சுற்றாவது கயிறு மிச்சம் இருக்கட்டும், விறைத்த கயிற்றின் மேல் கனத்த போர்வையைப் போடு, அதன் பக்கத்தில் யாரையும் நிற்கவிடாதே, வேடிக்கை பார்க்க வருபவர் பிரதமரே ஆனாலும் தள்ளிப் போகச் சொல். போர்டு கம்பத்தை நம்பாதே. இனிமேல் எங்காவது மாட்டிக்கொண்டால் சிரித்துக்கொண்டு சொல்லாதே, சொல்லாமலும் இருக்காதே. வின்ச் மாட்டிய அன்றே படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பு, எனக்கு அனுப்பினால் நான் பெரிதாக்கிச் சொல்லிவிடுவேன். நீ போகும் பாதையெல்லாம் காய்ந்திருக்கட்டும், காயாத இடத்தில் எதிரே ஒரு நல்ல மரமாவது நிற்கட்டும், உன் கை பட்ட கன்றெல்லாம் நாலு காலில் எழுந்து ஓடட்டும்.

கடலும் இல்லை, நத்தையும் இல்லை, சேறு முழங்காலுக்குக் கீழேதான், போர்டு குனிந்தது ஒரு சாண். இத்தனையிலும் ஒரு சின்ன விஷயம் மட்டும் சரடே கலக்காத நிஜம், அதை உன் அம்மா இல்லை என்பாள். எல்லோரையும் விரட்டியபோது நான் போகாமல் மதிலின் இடிந்த பக்கத்தில் குனிந்துகொண்டேன். தனியாகச் செய்தாளே, அப்போது அவள் வாய் ஓயவில்லை. வாலு, மொதல்ல கையுறையப் போட்டுக்கோ, வாலு, அகல வார மரத்துல தாழக் கட்டு, போர்வையப் போட்டியா, அவசரப்படாத, மெதுவா அமுக்கு, பயப்படாதம்மா, வருது பாரு, வந்துட்ட பாரு, போதும், விரல எடு என்று, வண்டி நிற்கும்வரை உன்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

உன் அப்பா,
பிரேக் மாமா